தொண்ணூற்றெட்டும் தராசு முள்ளும்

என் கொழுந்தனை எல்லோரும் ஷாக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் பழுதுபார்ப்பது தொழில். அடிக்கடி கரண்ட் அடித்ததால் வந்த பெயர் என்று அவன் சொல்லிக்கொள்வான். பச்சைப் பொய். கைக்கு எட்டினவனையெல்லாம் அடித்ததால் வந்த பெயர் அது. ஆளைப் பார்த்தால் ஒல்லிப்பிச்சான், ஊதினால் விழுந்துவிடுவான் போல இருப்பான். அந்த உடம்பில் அவ்வளவு கோபம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நாயை உதைத்தவனை அடிப்பான். வண்டியை வழியில் குறுக்கே நிறுத்தியவனை அடிப்பான். ஒருமுறை தன் முதலாளியையே சட்டையைப் பிடித்துச் சுவரில் சாத்திவிட்டு, மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல் வேலைக்குப் போய் நின்றான். அடித்துவிட்டு நேராக வருவது என் சமையலறைப் பின்வாசலுக்குத்தான். கை முட்டி வீங்கியிருக்கும்.

"அண்ணி, ஐஸ் இருக்கா?"

"இன்னைக்கு எந்தப் புண்ணியவான்?"

"கேக்காதீங்க அண்ணி. அவன்மேலதான் தப்பு."

எல்லா நாளும் எதிராளிமேல்தான் தப்பு. நான் ஐஸைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே, அடுப்பில் இருப்பதை ஒரு கண்ணால் பார்ப்பான். திட்டி முடித்ததும் தட்டு வைப்பேன். எங்களுக்குள் அப்படி ஒரு ஒப்பந்தம்.

உலகத்தில் ஒரே ஒரு ஆள்மேல் மட்டும் அவன் கை வைத்ததில்லை. அது அவனுடைய அண்ணன், என் வீட்டுக்காரர். இவர் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் தகரம் அடிப்பவர். காலையிலிருந்து சாயங்காலம்வரை சுத்தியல் பிடிக்கிற கை. அந்தக் கை தம்பியின்மேல் விழாத வாரம் இல்லை. அவர்களுடைய அப்பா எஞ்சின் பெல்ட்டால் இரண்டு பேரையும் உரித்தெடுத்தவராம். அப்பாவிடம் வாங்கியதை அண்ணன் தம்பிக்குக் கொடுத்தார். தம்பி அதை ஊருக்கெல்லாம் பங்கிட்டான். அண்ணனுக்குத் திருப்பிக் கொடுக்க மட்டும் அவனுக்கு மனசு வரவில்லை.

"ஏன்டா, அவரு அடிக்கும்போது நீ சும்மா நிக்கிற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அப்பா பெல்ட்ட எடுத்தா அண்ணன்தான் குறுக்க வந்து விழுவான் அண்ணி. எனக்கு வர வேண்டியதுல பாதி அவன் முதுகுல இருக்கு."

அந்தப் பாதியைத்தான் உங்கள் அண்ணன் வட்டியோடு உனக்குத் திருப்பித் தந்துவிட்டாரே என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் என்மேல் ஒருமுறை கை ஓங்கினார். எதற்கு என்பதுகூட மறந்துவிட்டது. ஓங்கிய கை இறங்குவதற்குள் ஷாக்கு நடுவில் வந்து நின்றான். அந்த அறை அவன் காதில் இறங்கியது. இடது காது இன்னமும் கொஞ்சம் மந்தம். அதற்குப் பிறகு அவர் என்மேல் கை ஓங்கியதில்லை.

அவனுடைய கோபத்துக்கு அர்த்தம் இருந்த ஒரு சம்பவமும் உண்டு. பெரிய அடுக்குமாடி ஒன்றில் லிஃப்ட் கதவு சரியாகச் சாத்தாமல் மக்கர் செய்துகொண்டிருந்தது. கதவு முழுதாகச் சாத்தினால்தான் லிஃப்ட் நகரும். அப்படி ஒரு பாதுகாப்பு அதில் உண்டு. கட்டடத்து மேற்பார்வையாளன், குடியிருப்பவர்களின் கத்தல் தாங்காமல், ஒரு துண்டு வயரை வைத்து அந்தப் பாதுகாப்பை ஏமாற்றிவிட்டான். அறிவிப்புப் பலகையில் 'கதவு சாத்தியாகிவிட்டது' என்று பச்சை விளக்கு ஜோராக எரிந்தது. கதவோ ஆவென்று திறந்து கிடந்தது, லிஃப்ட் வேறு மாடிக்குப் போயிருந்தது. லிஃப்ட் நிற்கிறது என்று நினைத்துப் பின்னால் நகர்ந்தபடி வாளியை இழுத்துக்கொண்டு போன துப்புரவுக்காரம்மா பள்ளத்தில் விழுந்து செத்துப்போனாள்.

அடியில் இறங்கி அந்த உடம்பை எடுத்து மேலே கொடுத்தவன் ஷாக்கு. கொடுத்துவிட்டு, ரத்தம் பட்ட சட்டையோடு படியேறி, மேற்பார்வையாளன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். நாலு பேர் சேர்ந்து கதவை உடைத்துத்தான் அவனை வெளியே இழுக்க முடிந்தது. மேற்பார்வையாளனுக்குத் தோள் எலும்பு இரண்டாகிப் போயிருந்தது. காவல் நிலையத்தில் போய் நின்று, கெஞ்சிக் கூத்தாடி ஷாக்கை மீட்டுவந்தவர் என் வீட்டுக்காரர். வெளியே வந்ததும் வாசலிலேயே வைத்து நாலு சாத்து சாத்தினார். ஷாக்கு வாங்கிக்கொண்டான்.

அன்று ஐஸ் கட்டியபோது அவன் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "பச்சை லைட் எரிஞ்சா கதவு சாத்தியிருக்குன்னு அர்த்தம் இல்ல அண்ணி. வயர்ல கரண்ட் போகுதுன்னு மட்டும்தான் அர்த்தம்."

இப்படிப்பட்டவன்தான் எங்கள் விமானத்தில் அந்தத் திரையைக் கொண்டுவந்து மாட்டினான்.

ஆமாம், விமானம். என் வீட்டுக்காரருக்குப் பிடித்த பைத்தியம் அது. வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், வருஷக்கணக்கில், ஞாயிறு தவறாமல் தகரம் அடித்து அடித்து இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றை அவரே கட்டினார். பறப்பதற்கு உரிமம் வாங்கியிருந்தார். கட்டியதைச் சோதிக்க வந்த அதிகாரி, ஆணி வரிசையைத் தடவிப் பார்த்துவிட்டு, பஸ் கட்டுகிற கை என்று சொல்லவே முடியாது என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக என் வீட்டுக்காரர் ஒரு வாரம் யாரையும் அடிக்கவில்லை. எஞ்சின் மட்டும் பழசு. எங்கோ ஈரமான கிடங்கில் நெடுங்காலம் ஓடாமல் கிடந்ததை வாங்கி வந்து, வெளியே துடைத்து மெருகேற்றி மாட்டினார்.

வயரிங் முழுக்க ஷாக்கின் வேலை. விமானத்தில் வழக்கமாக இருக்கும் முள் வைத்த வட்டங்களுக்குப் பதிலாக ஒரே ஒரு டிஜிட்டல் திரையைப் போடலாம் என்று அவன்தான் பிடிவாதம் பிடித்தான். உயரம், வேகம், சூடு எல்லாம் ஒரே பலகையில் வரும். ஓரத்தில், எஞ்சின் தன் முழு பவரில் நூற்றுக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பது பெரிய பச்சை எழுத்தில் தெரியும். அவன் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான்.

முதன்முதலாக எஞ்சினை முழுசாக முடுக்கிப் பார்த்த நாள் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் மாதிரி இருந்தது. பழைய இரும்புக் கடையிலிருந்து ஷாக்கு ஒரு கொக்கித் தராசு வாங்கி வந்திருந்தான். மூட்டை நிறுக்கும் வட்டத் தராசு, முகம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருக்கும். ஓடுபாதையின் தொடக்கத்தில், முன்பு ஏதோ கிரேன் நின்ற இடத்தில் ஓர் இரும்புக் கம்பம் கான்கிரீட்டில் புதைந்து நிற்கும். விமானத்தின் வாலுக்கும் அந்தக் கம்பத்துக்கும் நடுவே கயிற்றையும் தராசையும் கோத்தார்கள். எஞ்சின் கத்தியது, விமானம் கட்டிப்போட்ட மாடு மாதிரி இழுத்தது, தராசு முள் ஏறிப்போய் ஓரிடத்தில் நின்று நடுங்கியது. அந்த இடத்தில் கண்ணாடிமேல் என் நகச்சாயத்தால் ஒரு சிவப்புக் கோடு போடச் சொன்னான் ஷாக்கு. போட்டேன். திரையில் தொண்ணூற்றெட்டு என்று இருந்தது. நாங்கள் மூன்று பேரும் குதித்தோம்.

அதற்குப் பிறகு தராசு கொட்டகை மூலையில் தூசி தின்னப் போய்விட்டது. என் வீட்டுக்காரருக்குத் தொண்ணூற்றெட்டு போதும். பட்டறையில் தொண்ணூற்றெட்டு, சலூனில் தொண்ணூற்றெட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடமும் தொண்ணூற்றெட்டு. புது எஞ்சினே நூறுதான், நம்முடையது ரெண்டுதான் கம்மி என்று மீசையை நீவுவார். பெற்ற பிள்ளை வாங்கிய மார்க்கைக்கூட யாரும் இப்படிச் சொல்லிக்கொண்டு திரியமாட்டார்கள்.

அவர் தனியாகப் பலமுறை பறந்தார். ஓடுபாதை எங்களுடையது, மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் பின்புறம். நீளம் குறைவு. அந்தக் கோடியில் மின் நிலையம், அதற்கு முன்னால் உயரழுத்தக் கம்பிகள். கிளம்பினால் கம்பிக்கு மேலே போயாக வேண்டும், வேறு வழி கிடையாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பறப்பதாக அவர் அறிவித்தார்.

அந்த வாரத்தில்தான் ஷாக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

"அண்ணா, பெட்ரோல் குடிக்கிறது கொறஞ்சிருக்கு."

"நல்லதுதானடா. காசு மிச்சம்."

"நல்லது இல்லண்ணா. பவர் அதே தொண்ணூத்தெட்டு காட்டுது. ஆனா குடிக்கிறது மட்டும் கொறையுது. சாப்பிடாம எவனாவது அதே மூட்டையத் தூக்குவானா?"

என் வீட்டுக்காரர் சிரித்தார். ஷாக்கு சிரிக்கவில்லை. கொட்டகைத் தரையில் உட்கார்ந்து, எங்கள் இருவருக்கும் விளக்கினான். அந்தத் திரை பவரை அளப்பதே இல்லை. அளக்கிற கருவியே விமானத்தில் கிடையாது. எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது, உறிஞ்சும் குழாயில் காற்றழுத்தம் எவ்வளவு, வெளியே எவ்வளவு சூடு, இவற்றைப் பார்த்து, புது எஞ்சினாக இருந்தால் இந்நேரம் இவ்வளவு பவர் வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. எஞ்சின் உள்ளே தேய்ந்து கிடந்தால் அதற்குத் தெரியாது.

"பவர் போனா சுத்து கொறையும்ல? கொறஞ்சா நம்பரும் கொறையும்ல?" என்றார் இவர். கேள்வி சரிதான், நானும் அதையேதான் நினைத்தேன்.

"மூக்குல இருக்கிற நம்ம விசிறி சும்மா விசிறி இல்லண்ணா. எஞ்சின் தளர்ந்தா அதோட இறக்கை தானாத் திரும்பி காத்தக் கம்மியாக் கடிக்கும். சுத்து மட்டும் கொறையவே கொறையாது. அதைத்தான் திரை பாத்து ஏமாறுது. பச்சை லைட்டு அண்ணா அது. வெறும் பச்சை லைட்டு."

"இத மாட்டுனது யாருடா?"

ஷாக்கு திரையைத் திரும்பிப் பார்த்தான்.

"நீதானே மாட்டுன? நீதானே ஊரெல்லாம் பீத்திக்கிட்ட? இப்ப என் பொண்டாட்டி முன்னாடி வந்து என் எஞ்சின் செத்துப்போச்சுங்கிற." இவர் கையில் இருந்த மரச் சுத்தியலை வீசினார். அது ஷாக்கின் முழங்காலில் பட்டுத் தெறித்தது. அவன் நொண்டிக்கொண்டே எழுந்து போனான். போகும்போது என்னைப் பார்த்து மெல்லச் சொன்னான்: "அண்ணி, அந்த விமானத்துல எது நடந்தாலும் சிவப்புக் குமிழைப் பிடிச்சு வெளிய இழுத்திடுங்க. எஞ்சின் நின்னுடும்."

நான் யாரை நம்பினேன் என்று கேட்டால், திரையைத்தான். அவ்வளவு பெரிய பச்சை எழுத்தில் ஒரு எண் இருந்தால் அதை விட்டுவிட்டு, ஊரோடு அடித்துக்கொள்பவனை யார் நம்புவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. வெயில் ஏற ஏற விமானம் ஏறுவது கடினம் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தலையில் துணி கட்டிக்கொண்டு, வலப்பக்க இருக்கையில் பட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது ஷாக்கின் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு வந்து விமானத்தின் மூக்குக்கு நேராக நின்றது.

"அண்ணி இறங்குங்க."

"வண்டிய எடுடா," என்றார் இவர்.

"எடுக்கமாட்டேன்."

முதல் குத்து மூக்கில். எனக்குச் சத்தம் கேட்டது. ரத்தம் அவன் வாயில் இறங்கி மோவாயில் சொட்டியது. இரண்டாவது வயிற்றில். அவன் மடங்கி, மறுபடி நிமிர்ந்து நின்றான். மூன்றாவதில் தரையில் விழுந்தான், மண் வாயில் போயிற்று, மறுபடி எழுந்தான். கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. ஊரில் எத்தனையோ பேரின் பல்லை உதிர்த்த கைகள் அவை. நான் உள்ளே இருந்து கத்தினேன். பட்டையைக் கழற்றத் தெரியாமல் இழுத்தேன். "அடிச்சுக் கொன்னுடாதீங்க! பெத்த புள்ள மாதிரி வளத்த தம்பி!"

"ஒரே ஒரு தடவை," என்றான் ஷாக்கு, ரத்தத்தைத் துப்பிவிட்டு. "ஒரே ஒரு தடவை வால்ல கட்டிப் பாரு. முள்ளு சிவப்புக் கோட்டைத் தொட்டா நான் கொட்டகைப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டேன்."

அவன் வாயை மொத்தமாக மூட இதுதான் வழி என்று நினைத்திருப்பார். ஒப்புக்கொண்டார். கயிற்றையும் தராசையும் கம்பத்தில் மாட்டினார்கள். என்னை இறங்கச் சொல்லவில்லை, எப்படியும் அடுத்த நிமிஷம் பறக்கத்தானே போகிறோம். அவர் ஏறி எஞ்சினைக் கிளப்பினார், எஞ்சினை முடுக்கும் கறுப்புக் குமிழை முழுக்க உள்ளே தள்ளினார். உடம்பிலுள்ள எலும்பெல்லாம் கடகடத்தது. திரையில் தொண்ணூற்றெட்டு. பின்னால் ஷாக்கு தராசைப் பார்த்துவிட்டு, உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே அழுத்திக் காட்டினான். கம்மி.

இவர் முகம் கறுத்தது. எஞ்சினை மெதுவாக்கிவிட்டு, "நானே பாக்கறேன். நான் கை காட்டினதும் இந்தக் கறுப்பை உள்ள தள்ளு" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பிரேக்கையும் போடவில்லை. கயிறு இருக்கிறதே என்ற நினைப்பு.

கை காட்டினார். தள்ளினேன். திரையில் மறுபடி தொண்ணூற்றெட்டு, நூல் பிசகவில்லை. கழுத்தைத் திருப்பிப் பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அண்ணனும் தம்பியும் தராசின் இரண்டு பக்கமும் குனிந்து நின்றார்கள். இவர் முள்ளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஷாக்கு கோட்டையும் முள்ளையும் மாற்றி மாற்றி விரலால் தொட்டுக் காட்டினான். இவர் ஏதோ கத்தினார். பிறகு, உண்மையைச் சொன்னவனை அடித்து அலுத்துப்போன கோபத்தில், உண்மையைச் சொன்ன தராசை ஓங்கி ஒரு உதை விட்டார்.

பழைய இரும்புக் கடைத் தராசு. கொக்கி நிமிர்ந்து கம்பத்தை விட்டு நழுவியது.

என் முதுகு இருக்கையில் அறைந்தது. விமானம் விட்டால் போதும் என்று பாய்ந்தது. முன்னால் பாதை, பாதையின் கோடியில் கம்பிகள், உள்ளே நான் ஒருத்தி. எனக்கு ஒன்றும் ஓட்டத் தெரியாது. கத்தினேனா இல்லையா என்பதுகூட ஞாபகமில்லை. கண்ணுக்கு நேரே பச்சையாக எரிந்துகொண்டிருந்த அந்தத் தொண்ணூற்றெட்டு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பின்னால் நடந்ததை என் வீட்டுக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். கொக்கி கழன்ற நொடியில் ஷாக்கு கயிற்றின்மேல் விழுந்திருக்கிறான். வலது கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறான், கை வழுக்கிவிடக் கூடாதாம். விமானம் அவனைக் குப்புறப் போட்டு ஜல்லியில் இழுத்துக்கொண்டு போயிற்று. சட்டை கிழிந்தது, பிறகு தோல். கயிறு இறுகி விரல்களைத் தின்றது. ஒரு ஆள் எடைக்கு விமானம் நிற்குமா? நிற்காது. ஆனால் அவன் பாதை ஓரத்துக்கு உருண்டதில், வால் ஒரு பக்கமாக இழுபட்டு, மூக்கு கம்பிகளை விட்டுத் திரும்பியது. அதே சமயம் எனக்குச் சிவப்பு ஞாபகம் வந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். எஞ்சின் மூச்சை நிறுத்தியது. விமானம் ஓடிப்போய் மணல்மேட்டில் முட்டி, ஒரு இறக்கை மடங்கி, விசிறி மண்ணில் குத்தி நின்றது. என் நெற்றி திரையில் மோதியது. திரை உடைந்தது. நல்ல வேளை, நெற்றிக்குப் பதிலாக அது உடைந்ததே என்று பின்னால் நினைத்துக்கொண்டேன்.

இறங்கி ஓடினேன். ஷாக்கு மல்லாந்து கிடந்தான். நெஞ்சும் தொடையும் ஒரே சிவப்பு. வலது கையில் கயிறு இன்னும் சுற்றியிருந்தது, கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருந்தன. கண் திறந்து என்னைப் பார்த்தான்.

"சிவப்பை இழுத்தீங்களா அண்ணி?"

"இழுத்தேன்டா. இழுத்தேன் ராசா."

"சரி," என்று கண்ணை மூடினான். என் வீட்டுக்காரர் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஷாக்கின் வண்டிக்கே ஓடினார். நான் தலைத்துணியைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். ஐஸ் இல்லை. வழியெல்லாம் அது ஒன்றுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது, இவ்வளவு காலம் கொடுத்த ஐஸ் இன்று இல்லையே என்று.

பிழைத்தான். தோலை ஒரு இடத்திலிருந்து எடுத்து இன்னொரு இடத்தில் ஒட்டினார்கள். கட்டு மாற்றும்போது நர்ஸைக்கூட அடிக்கப் போனான். உடம்பு தேறுகிறது என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் வார்டுக்குள் வரவில்லை. வாசல்வரை வருவார், பழத்தை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். கொட்டகையில் எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரியும். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானே அவரைப் பிரித்துப்போட்டிருப்பேன்.

ஒருநாள் மத்தியானம், பார்வையாளர் நேரத்தில், அழுக்குத் துண்டில் நீளமாக எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். படுக்கையில் தம்பியின் பக்கத்தில் வைத்துப் பிரித்தார். எண்ணெய் மினுங்கும் ஒரு இரும்புத் தண்டு. எஞ்சினுக்குள் சுழன்று வால்வுகளைத் தூக்கித் திறந்துவிடுகிற தண்டு அது. அதில் வரிசையாக மேடுகள் இருக்கும், முட்டையின் கூர்ப்பக்கம் மாதிரி. மேடு எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் வால்வு திறக்கும், அவ்வளவுதான் எஞ்சினால் மூச்சுவிட முடியும்.

ஷாக்கு இடது கட்டைவிரலால் ஒவ்வொரு மேடாகத் தடவினான். சில மேடுகள் சரியாக இருந்தன. சில, தேய்ந்த சோப்பு மாதிரி உருண்டையாகிப் போயிருந்தன. ஈரத்தில் கிடந்த காலத்தில் துரு பிடித்து, ஓட ஓடத் துருவோடு இரும்பும் போயிருக்கிறது.

"பாதி வால்வு தெறக்கவே இல்லடா," என்றார் இவர். "நீ சொன்னதுதான்."

ஷாக்கு நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தான். அவனுக்கு அது போதும் என்று எனக்குத் தெரிந்தது. பிறந்ததிலிருந்து அண்ணன் வாயிலிருந்து 'நீ சொன்னதுதான்' என்ற வார்த்தை அவனுக்குக் கிடைத்ததில்லை. கண் கலங்கியிருந்தது. அதோடு இவர் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. நின்றபடியே, தண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு முன்னாடியே தெரியும்டா. அதுக்கு முந்தின வாரமே ஏறல. கம்பிய ஒரு ஆள் உசரத்துலதான் தாண்டினேன். ஏதோ சரியில்லன்னு உடம்புக்குத் தெரிஞ்சுது. திரையப் பாத்தேன். தொண்ணூத்தெட்டுன்னு இருந்துச்சு. அத நம்புறது சுகமா இருந்துச்சுடா."

எனக்கு உடனே விளங்கவில்லை. ஷாக்குக்கு விளங்கிவிட்டது. அவன் முகத்தில் அந்தக் கலக்கம் வற்றிப்போனதைப் பார்த்தேன்.

"தனியாப் போகும்போதே ஏறல."

"ஆமா."

"தெரிஞ்சு அண்ணிய ஏத்துன."

ஷாக்கு முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். புண்ணிலிருந்து கட்டு இழுத்த வலியில் பல்லைக் கடித்தான். பிறகு இடது கையை வீசி, அண்ணனின் கன்னத்தில் ஒரு அறை விட்டான். வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துப் படுக்கைக்காரர் கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டார். நர்ஸ் ஓடிவந்து, யார் யாரை அடித்தது என்று அதட்டினாள்.

"யாரும் யாரையும் அடிக்கல," என்றார் என் வீட்டுக்காரர். கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன. அவருடைய கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை எழவில்லை.

இடது கை அடி அது, பெரிதாக ஒன்றும் பண்ணவில்லை. வலது கையாக இருந்திருந்தால் அவருக்கு ரெண்டு பல்லாவது போயிருக்கும். அந்த வலது கையைத்தான் ஷாக்கு எனக்காகக் கயிற்றில் விட்டுவிட்டு வந்திருந்தான். நான் எழுந்துபோய் அவனைப் படுக்கவைத்தேன். பிறகு திரும்பி, அந்த வலது கை கொடுக்க வேண்டிய மிச்சத்தை, என் வீட்டுக்காரரின் மறு கன்னத்தில் நான் கொடுத்தேன்.